வெறும் முகத்தோடு மூன்று நாள்

மைக்ரோநீட்லிங் முடிந்து எழுந்து உட்காருகிறவர்களுக்கு நான் எழுதிக் கொடுக்கும் சீட்டு மிகச் சின்னது. வாசனை சேர்க்காத மாய்ஸ்சரைசர் ஒன்று, மறுநாளிலிருந்து போட சன்ஸ்கிரீன் ஒன்று, வலித்தால் பாராசிட்டமால். வாங்கிப் பார்க்கிறவர்கள் பின்பக்கத்தையும் திருப்பிப் பார்ப்பார்கள். "வேற ஒண்ணும் இல்லையா டாக்டர்?" முகம் சிவந்து காந்திக்கொண்டிருக்கிறது, பணமும் கொஞ்சமாகக் கட்டவில்லை. நாலு ட்யூபாவது இருக்க வேண்டாமா என்று தோன்றத்தான் செய்யும். சீட்டு ஏன் அவ்வளவு சின்னது என்று சொல்லிப் புரியவைக்க, ஊசிக்கு ஆன நேரம் எனக்குப் பேச்சுக்கும் ஆகிறது. அந்தப் பேச்சையே இங்கே எழுதுகிறேன்.

மதுரையில் என்னிடம் இதற்காக வருகிறவர்களில் பெரும்பாலோர் பருத் தழும்போடு வருகிறவர்கள். கல்லூரிப் பிள்ளைகள், வேலைக்குச் சேர்ந்த புதிதில் இருப்பவர்கள், கல்யாணம் பேசிக்கொண்டிருக்கும் வீட்டுப் பெண்கள், பையன்கள். லிக்னோகெய்ன், பிரிலோகெய்ன் கலந்த மரக்கவைக்கும் க்ரீமைப் பூசி முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம் காத்திருந்து, சுத்தமாகத் துடைத்தெடுத்துவிட்டு, பேனா மாதிரியான கருவியில் புதிய ஊசி முனையைப் பொருத்திக்கொள்வேன். கன்னத்துக் குழிகளுக்குப் பெரும்பாலும் ஒன்றரை மில்லிமீட்டர் ஆழம் வைப்பேன். எலும்பை ஒட்டிய நெற்றியில் அதைவிடக் குறைவு. மேல்தோலின் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குதான் இருக்கும். ஊசி அதைக் கடந்து அடித்தோலுக்குள் இறங்குகிறது, பொட்டுப் பொட்டாக இரத்தம் துளிர்க்கிறது. அந்த இரத்தத்திலுள்ள தட்டணுக்கள் வளர்ச்சிக் காரணிகளை வெளிவிடும். அதைக் கேட்டு ஃபைப்ரோபிளாஸ்ட் செல்கள் வந்து சேர்ந்து புதுக் கொலாஜன் பின்னத் தொடங்கும். நமக்கு வேண்டியது அந்தக் கொலாஜன். அதைச் செய்யும் மருந்து என்று எதையும் நான் உள்ளே வைப்பதில்லை.

இந்த முறை பிறந்த கதையும் அப்படித்தான். கமிராண், டூசே என்ற இரண்டு கனடியர்கள், முகத்தில் வெளுத்துப்போன அறுவைத் தழும்புகளை மறைக்கத் தோல் நிற மையைப் பச்சை குத்திவந்தார்கள். ஓரிரு ஆண்டில் மை மங்கிவிட்டது. தழும்போ மிருதுவாகி, அதில் தோலின் சொந்த நிறமும் திரும்பியிருந்தது. அப்புறம் மையே இல்லாமல் வெறும் ஊசியால் குத்திப் பார்த்து, 1997-ல் அதை எழுதினார்கள். தென்னாப்பிரிக்க பிளாஸ்டிக் சர்ஜன் டெஸ்மண்ட் ஃபெர்னாண்டஸ் அதற்கென்றே ஊசி பதித்த உருளையைச் செய்து பழக்கத்துக்குக் கொண்டுவந்தார். நல்லது செய்தது மை என்று யாரும் நினைத்திருக்கலாம், செய்தது காயம். என்ன பூசலாம் என்று கேட்கிறவர்களிடம் நான் முதலில் சொல்வது இந்தக் கதையைத்தான்.

ஊசி போட்ட துளைகள் கண்ணுக்குத் தெரியாது. காற்றுப்பட விட்டால் சில மணி நேரத்திலேயே மூடிக்கொள்ளத் தொடங்கும். மேலே பிளாஸ்டிக் தாளையோ ஷீட் மாஸ்க்கையோ ஒட்டி மூடினால் அந்த மூடல் தாமதமாகும். அவை திறந்திருக்கும் வரைக்கும், முகத்தின் மேல் இருக்க வேண்டிய எந்தப் பொருளும் உள்ளே போய்விடலாம். 2014-ம் ஆண்டு ஜாமா டெர்மட்டாலஜி இதழில் மூன்று பெண்களைப் பற்றிய அறிக்கை வந்தது. மைக்ரோநீட்லிங்குக்குப் பிறகு முகமெங்கும் சிவந்த தடிப்புகள். திசுவை எடுத்துப் பார்த்தால் கிரானுலோமா, அதாவது வெளிப்பொருளைச் சுற்றி உடல் கட்டும் கட்டி. அவர்களில் இருவருக்கு ஊசியோடு பூசப்பட்டது வைட்டமின் சி சீரம். முகத்துக்கு நல்லதென்று கடையில் விற்பதுதான். மேல்தோலில் பூசுவதற்காகச் செய்த பொருளை அடித்தோல் அந்நியமாகவே பார்க்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டாம். ஊசி போட்ட சூட்டோடு சீரம் ஊற்றினால் "நல்லா உள்ள இறங்கும்" என்று விற்கிறவர்கள் சொல்வது உண்மை. இறங்கும் என்பதுதான் என் பயமே.

நம் வீடுகளில் சீரத்துக்கு முன்னால் மஞ்சள் வந்துவிடும். கூட வந்திருக்கும் அம்மாவோ அத்தையோ, "கிருமி அண்டாம லேசா மஞ்சள் தடவட்டுமா டாக்டரம்மா?" என்று கேட்காத நாளில்லை. பாசத்தில் கேட்கிறார்கள், அதனால் வெறுமனே வேண்டாம் என்று சொல்லி நான் நிறுத்துவதில்லை. முழுத் தோலுக்குப் பழகிய மஞ்சள், துளைபட்ட தோலில் வெறும் தூள். அந்தத் தூளும் அதில் கலந்திருப்பதும் உள்ளே தங்கலாம், சிலருக்கு ஒவ்வாமையும் வரும். தோட்டத்துக் கற்றாழையும் அப்படியே: மடலை ஒடித்ததும் வடிகிற மஞ்சள் பால் தோலை அரிக்கும். எலுமிச்சைச் சாறு பட்ட தோல் வெயிலில் வெந்து கறுக்கும். கடலை மாவு, பயத்த மாவு, முல்தானி மட்டி எல்லாம் உரசும். நெற்றியில் ஊசி பட்டிருந்தால் குங்குமம், விபூதி, ஸ்டிக்கர் பொட்டு மூன்றும் மூன்று நாளுக்கு வேண்டாம். மீனாட்சியம்மன் கோயிலுக்குப் போகிறவர்களிடம், குங்குமத்தைக் காகிதத்தில் மடித்துக் கொண்டுவந்து வையுங்கள், நாலாம் நாள் வைத்துக்கொள்ளலாம் என்பேன். யாரும் கோபித்துக்கொண்டதில்லை.

முதல் நாள் சாயங்காலத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், கிருமி நுழைய வாய்ப்புள்ள நேரம் அதுதான். கிளினிக்கிலேயே சலைனில் நனைத்த காஸ் துணியை ஒற்றி இரத்தத்தை எடுத்துவிடுவோம். வீட்டுக்குப் போன பிறகும் காந்தினால் குளிர்ந்த சலைனில் சுத்தமான காஸை நனைத்து ஒற்றலாம்; ஐஸ் கட்டியை நேராக வைக்க வேண்டாம். ராத்திரி முகம் கழுவும்போது போர்வெல் உப்புத் தண்ணீரை விட்டுவிட்டு, கொதித்து ஆறிய தண்ணீரை எடுத்துக்கொள்ளுங்கள், சோப்பு வேண்டாம். துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். தலையணை உறையைத் துவைத்ததாக மாற்றி, மல்லாந்து படுங்கள். போனை ஸ்பீக்கரில் போட்டுப் பேசுங்கள், பொழுதுக்கும் கன்னத்தில் ஒட்டியிருக்கும் அந்தக் கண்ணாடியை யாரும் கழுவுவதில்லை.

அப்புறம் ஹெல்மெட். இதை எந்த வெளிநாட்டுக் கையேட்டிலும் நான் பார்த்ததில்லை, நம் ஊருக்கு இதுவே தலையாயது. மாதக்கணக்கில் வியர்வை ஊறிய கன்னப் பஞ்சு, சற்று முன் ஆயிரக்கணக்கான துளை போட்ட இடத்தில் சரியாக வந்து அழுந்தும். ஹெல்மெட் இல்லாமல் ஓட்டச் சொல்லவும் முடியாது, சொல்லவும் கூடாது. அதனால் நாள் குறிக்கும்போதே, அன்றைக்கும் மறுநாளும் டூவீலர் வேண்டாம், ஆட்டோவிலோ பஸ்ஸிலோ வாருங்கள் என்று சொல்லிவிடுவேன். ஜிம், ஓட்டம், நீச்சல் குளம் மூன்று நாள் கழித்து. மேக்கப் குறைந்தது இரண்டு நாள் கழித்து, அதுவும் பழைய ஸ்பாஞ்சைத் தூக்கிப் போட்டுவிட்டு.

வலி பெரும்பாலும் அன்றைக்கே அடங்கிவிடும். இபுப்ரோஃபன் மாதிரியான மாத்திரைகளை நான் தவிர்க்கச் சொல்வது ஒரு முன்னெச்சரிக்கை: இந்தச் சிகிச்சையே அழற்சியைத் தூண்டி அதிலிருந்து வேலை வாங்குவது, அதை நாமே ஏன் அடக்க வேண்டும்?

அழற்சியை அடக்குவதில் மாத்திரையைவிட மோசமானது மெடிக்கல் ஷாப் ட்யூப். இதைச் சொல்லும்போது என் குரல் உயர்ந்துவிடும். சிவப்பைப் பார்த்துப் பயந்துபோன வீட்டார் கடையில் போய்ச் சொல்ல, அங்கே ஸ்டீராய்டு கலந்த க்ரீம் ஒன்றை எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். ஒரே ராத்திரியில் சிவப்பு மறையும், எல்லோருக்கும் நிம்மதி. ஸ்டீராய்டு செய்வது ஃபைப்ரோபிளாஸ்ட்டைத் தூங்கவைப்பது. கொலாஜன் வேண்டும் என்று ஊசி குத்திக்கொண்டு, கொலாஜனைத் தடுக்கும் மருந்தைத் தடவிக்கொண்டிருப்பார்கள். தொடர்ந்து போட்டால் தோல் மெலிந்து, இரத்த நாளங்கள் தெரிந்து, நிறுத்தினால் எரியும் நிலைக்கு முகம் வந்துவிடும். 2018-லேயே பல ஸ்டீராய்டு க்ரீம்களை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலுக்கு அரசு மாற்றியது. ஆனாலும் 'வெள்ளையாக்கும் க்ரீம்' என்ற பெயரில் அவை இன்னும் கைமாறிக்கொண்டிருக்கின்றன. ஊசி போடுவதற்கு முன்பே, வீட்டில் முகத்துக்கு என்ன போடுகிறீர்கள், எல்லா ட்யூபையும் பையில் போட்டுக் கொண்டுவாருங்கள் என்று கேட்பது இதற்காகத்தான்.

இரண்டாம் நாள் சிவப்பு தணியும். மூன்றிலிருந்து ஐந்தாம் நாளுக்குள் முகம் மணல்தாள் மாதிரி சொரசொரப்பாகி, மெல்லிய செதிலாக உதிரும். விரல் தானாகவே அங்கே போகும். பிய்க்காதீர்கள். ஸ்க்ரப் போடாதீர்கள். மாய்ஸ்சரைசரை மட்டும் அடிக்கடி, மெல்லிசாக. கிளிசரின், செராமைடு இருந்தால் போதும், விலை உயர்ந்ததாக இருக்கத் தேவையில்லை. ஆண்கள் ஷேவ் செய்வதை மூன்று நான்கு நாள் தள்ளிவைத்து, அதன்பிறகும் வீட்டிலேயே புது பிளேடில் செய்துகொள்ளுங்கள். பெண்கள் அந்த வாரம் த்ரெட்டிங், வாக்ஸிங் பக்கம் போக வேண்டாம். ட்ரெட்டினோயின், கிளைக்காலிக் அமிலம், சாலிசிலிக் அமிலம், பென்சாயில் பெராக்சைடு, நிறுத்திவைத்த வைட்டமின் சி எல்லாம் உதிர்வு முழுக்க அடங்கிய பிறகு, ஒரு வாரம் போல் கழித்து, ஒவ்வொன்றாக.

இதுவரை சொன்னது காயத்துக்கு. நம் தோலுக்கென்று தனியாக ஒன்று உண்டு. ஃபிட்ஸ்பாட்ரிக் என்ற அமெரிக்கத் தோல் மருத்துவர் வகுத்த ஆறு வகைகளில் நம்மில் பெரும்பாலோர் நான்கிலும் ஐந்திலும் வருகிறோம். இந்தத் தோலின் நிறமிச் செல்கள் எந்த அழற்சிக்கும் மெலனினால்தான் பதில் சொல்லும். கொசு கடித்த இடம் மாதக்கணக்கில் கறுத்து நிற்பதும், பரு ஆறியும் கரும்புள்ளி போகாததும் அதனால்தான். சூட்டைக் கொண்டு வேலை செய்யும் லேசர்களைவிட மைக்ரோநீட்லிங்கை நம் தோலுக்கு நான் விரும்புவதற்குக் காரணமும் இதுவே: ஊசி மேல்தோலை உரித்தெடுப்பதில்லை, எரிப்பதுமில்லை, நிறமிச் செல்களைப் பெரும்பாலும் தொந்தரவு செய்யாமல் கடந்துபோகிறது. அந்த நன்மையை வெயிலில் தொலைத்துவிடக் கூடாது.

முதல் நாள் சன்ஸ்கிரீனும் வேண்டாம் என்பதால் அன்று நிழலிலேயே இருக்க வேண்டும். மாலை நேரத்துக்கு நான் ஆட்களை வரச் சொல்வது அதற்காகத்தான். மறுநாளிலிருந்து ஜிங்க் ஆக்சைடோ டைட்டானியம் டை ஆக்சைடோ உள்ள சன்ஸ்கிரீன், எஸ்பிஎஃப் 30-க்குக் குறையாமல். "முகம் வெள்ளையா பூத்துப்போய்த் தெரியுது" என்ற புகார் எனக்குத் தெரியும். அவர்களுக்கு இரும்பு ஆக்சைடு சேர்ந்த, நிறமிட்ட வகையை எழுதுகிறேன். அது நம் நிறத்தோடு ஒட்டிப்போகும். கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமும் மாநிறத் தோலைக் கறுக்கவைக்கும். அதைத் தடுக்கும் வேலையை இரும்பு ஆக்சைடு செய்கிறது. இரண்டு விரல் நீளத்துக்குப் பிதுக்கி முகத்துக்கும் கழுத்துக்கும் போட வேண்டும், வெளியில் இருந்தால் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடியும். குடை அதைவிட நம்பகமானது. ஆண்கள் குடை பிடிக்கக் கூச்சப்படுகிறார்கள், நான் விடுவதில்லை. அடுப்பு முன்னால் மணிக்கணக்கில் நிற்கிறவர்கள் அந்த வாரம் மட்டுமாவது சமையலை வீட்டில் வேறு யாரிடமாவது விடட்டும். இதைப் பெண்ணிடம் சொல்வதைவிடக் கூட வந்தவரிடம் சொல்வதில்தான் பலன். வெயில் காப்பை மட்டும் ஒரு வாரத்தோடு நிறுத்தக் கூடாது, அடுத்த சிட்டிங் வரைக்கும், அதன் பிறகும்.

எப்போது போன் செய்ய வேண்டும் என்பதையும் சொல்லியே அனுப்புகிறேன். வலி குறையாமல் நாளுக்கு நாள் கூடினால், சீழ் கோத்தால், நாலைந்து நாள் கழிந்தும் சிவப்பு தணியாமல் தடிப்பாக எழும்பினால். உதட்டோரம் கொத்தாக நீர்க்கொப்புளம் வந்தால் அன்றைக்கே. அது சூட்டுக் கொப்புளம் என்று சொல்லி காவி பூசி அக்கி எழுதக் கூட்டிப்போகும் வழக்கம் இன்னும் இருக்கிறது. முன்பு வந்துபோன ஹெர்ப்பிஸ் வைரஸ் ஊசியால் கிளர்ந்திருக்கலாம், உடனே மாத்திரை தொடங்கினால் தழும்பில்லாமல் அடங்கும். அப்படி அடிக்கடி வரும் என்று முன்கூட்டிச் சொல்கிறவர்களுக்கு ஊசிக்கு முன்பே மாத்திரை கொடுத்துவிடலாம்.

இன்னொன்று, மனசு சம்பந்தப்பட்டது. முதல் வாரம் முகம் லேசாக வீங்கியிருக்கும், குழிகள் மேடேறித் தெரியும். "ஒரே சிட்டிங்ல போயிடுச்சு டாக்டர்!" என்று சந்தோஷமாகப் போட்டோ அனுப்புவார்கள். அடுத்த வாரம் வீக்கம் வடிந்ததும் குழிகள் பழைய இடத்திலேயே இருக்கும், போன் மௌனமாகிவிடும். அந்த ஏமாற்றத்தில்தான் பலர் சன்ஸ்கிரீனை விடுகிறார்கள், இணையத்தில் உருளை வாங்கித் தாங்களே உருட்டத் தொடங்குகிறார்கள். முதலில் பின்னப்படும் கொலாஜன் தற்காலிகமானது, மூன்றாம் வகை. அது வலுவான முதல் வகையாக மாற மாதங்கள் பிடிக்கும். நான்கிலிருந்து ஆறு வார இடைவெளியில் மூன்று நான்கு சிட்டிங் முடிந்து, அதன் பிறகும் மூன்று மாதம் போனால்தான் தழும்பு எவ்வளவு நிரம்பியது என்று நியாயமாகச் சொல்ல முடியும். அதனால் வீக்கத்தைப் பற்றி முதல் நாளே சொல்லிவிடுகிறேன். ஒரே நாற்காலி, ஒரே விளக்கு, ஒரே கோணத்தில் நானே படம் எடுத்து வைக்கிறேன்.

கல்யாணத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது வருகிறவர்களுக்கு நான் ஊசியைத் தொடுவதில்லை. பந்தக்கால் நட்டதும் வீட்டில் நலங்கு வைப்பார்கள். பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் முகத்தில் மஞ்சளும் சந்தனமும் பூசாத கை இருக்காது. அப்புறம் வீடியோ விளக்கு, கனமான மேக்கப், தூக்கமில்லாத ராத்திரிகள். அந்த நாட்களில் வெறும் முகத்தோடு மூன்று நாள் இருங்கள் என்று யாரிடம் சொல்வது? தை மாதத்து முகூர்த்தமென்றால் ஆடியிலேயே வரச் சொல்கிறேன். கத்திரி போயிருக்கும், வீட்டில் விசேஷமும் இருக்காது, மார்கழிக்குள் எல்லாச் சிட்டிங்கும் முடிந்துவிடும்.