சாவிக்கொத்து

ராஜபாளையத்தில் அய்யனார் கோயிலுக்குப் போகும் சாலையோரம், ராஜபாளையம் நாய்களை வளர்க்கும் அக்கா ஒருவரின் மாந்தோப்பு வீடு. முற்றத்தில் படுத்திருந்த பெட்டை என்னைக் கண்டதும் எழுந்து நின்றது. குரைக்கவில்லை. "நம்ம ஆளுதான்டி" என்று அக்கா வெளியே வந்து சொன்ன பிறகும் என் கையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அந்நியரை லேசில் நம்பாத இனம். நம்பிவிட்டால் அந்த ஒரு குடும்பம்தான் அதற்கு எல்லாம். வளர்ந்த பிறகு கை மாற்றினால் நாள் கணக்கில் சோற்றைத் தொடாது என்றார் அக்கா.

காவலுக்கும் காட்டுப்பன்றி வேட்டைக்கும் வளர்த்த நாய் இது. 1972 வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின்படி இன்று வேட்டைக்கு இடமில்லை. இப்போது கேட்டு வருகிறவர்கள் வீட்டுக்குத் துணையாகத்தான் கேட்கிறார்கள். 2005இல் அஞ்சல்தலையில் இடம்பிடித்ததும், 2020 ஆகஸ்டில் பிரதமர் வானொலி உரையில் பெயர் சொன்னதும் இனத்துக்கு நல்லதே. ஆனால் போனில் வரும் முதல் கேள்வி இன்னமும், "சுத்த வெள்ளையா இருக்குமா, மூக்கு ரோஸா இருக்குமா?" என்பதுதான். இந்தக் கேள்விதான் இனத்தைக் கெடுக்கிறது என்பேன். எப்படி என்பதை அக்காவே காட்டினார்.

ஐந்து வாரக் குட்டிகள் ஆறு. கேழ்வரகுக் கூழைத் தட்டில் ஊற்றியதும் முட்டி மோதிக்கொண்டு வந்தன. "எல்லாம் ஒண்ணாத்தான ஓடியாருது? இப்படிப் பாத்தா எதுவும் தெரியாது தம்பி. காது கேக்காதது கூடப் பொறந்ததைப் பாத்து ஓடியாந்துரும்." ஒவ்வொரு குட்டியாகத் தூக்கித் தனி அறையில் விட்டார். அது தரையை மோப்பம் பிடிக்கத் தொடங்கியதும், பின்பக்கமிருந்து சாவிக்கொத்தைக் குலுக்கினார். காலால் தரையைத் தட்டக் கூடாதாம். அதிர்வைப் பாதம் வாங்கிவிடும். ஐந்து குட்டிகளும் சட்டென்று திரும்பின. ஆறாவது, இருப்பதிலேயே வெள்ளை, திரும்பவே இல்லை. அக்கா மூன்று தடவை குலுக்கினார். பிறகு அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

தோலுக்கும் முடிக்கும் நிறம் தரும் செல்கள் உட்காதிலும் உண்டு. அங்கே அவை இல்லாமல் போனால், ஒலியை வாங்கும் நுண்ணிய மயிர்ச்செல்கள் பிறந்த சில வாரங்களுக்குள் மடிந்துவிடும். வெள்ளைக்கு வெள்ளையாகவே சேர்த்துக்கொண்டு போனால் இந்தக் குறை கூடும். அதோடு ஒரே ரத்தத்துக்குள் சேர்ப்பதும் நடக்கிறது. அக்காவிடம் ஒரு நீளக் கணக்கு நோட்டு இருக்கிறது. எந்தப் பெட்டை, எந்தக் கடுவன், தாய் தகப்பன் யார், எந்த ஈத்தில் எது கேட்கவில்லை என்று மூன்று தலைமுறை எழுதி வைத்திருக்கிறார். பக்கத்துத் தெருவில் கடுவன் இருந்தாலும் தூரத்து ஊருக்குத்தான் பெட்டையைக் கூட்டிப்போகிறார். ஒரு பெட்டைக்கு வாழ்நாளில் ஐந்து ஈத்துக்கு மேல் கூடாது என்கின்றன 2017ஆம் ஆண்டின் நாய் இனப்பெருக்க விதிகள். இவர் மூன்றோடு நிறுத்திக்கொள்கிறார்.

சாயங்காலம் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் வந்து குட்டிகளைத் தூக்கித் திரிந்தார்கள். அது விளையாட்டுக்கு மட்டுமல்ல, அக்காவே வரச்சொல்வது. மூன்றாவது வாரத்திலிருந்து இரண்டு மூன்று மாதத்துக்குள் மனுஷர் கை, மிக்ஸி சத்தம், பைக் சத்தம் எல்லாம் பழகிவிட வேண்டும். அந்தக் காலத்தைத் தவறவிட்டால் வளர்ந்த பிறகு எதைக் கண்டாலும் மிரளும், மிரண்டால் கடிக்கும். இந்த நாய்க்குக் கோபம் அதிகம் என்று ஊரில் சொல்வதில் பாதி, குட்டியிலேயே சங்கிலியில் கட்டிப்போட்டதால் வந்த பெயர். எட்டு வாரம் முடியாமல் குட்டியைக் கொடுப்பதில்லை. அதற்கு முன் வாங்க வருகிறவரிடம் கேள்விகள்: வீட்டில் பகலில் யார் இருப்பீர்கள், ஓடுவதற்கு இடம் உண்டா, கட்டிப்போடுவீர்களா?

நான் இருக்கும்போதே கோயம்புத்தூரிலிருந்து ஒருவர் கூப்பிட்டு, அந்தப் பால் வெள்ளைக் குட்டிக்கு என்ன விலையும் தருகிறேன் என்றார். "அது விக்கிறதுக்கு இல்ல சார். காதுல செவலப் புள்ளி உள்ளது ஒண்ணு இருக்கு, நல்லாக் கேக்கும், வந்து பாருங்க" என்றார் அக்கா. வெள்ளைக்குட்டி அவரிடமே வளரும், கைச்சாடை பழக்குவார், கருத்தடையும் செய்துவிடுவார். போனை வைத்ததும் நோட்டைப் பிரித்து, அந்த ஈத்தின் பெட்டைக்கும் கடுவனுக்கும் நேரே 'இனிச் சேர்க்கக் கூடாது' என்று எழுதினார்.