வறண்ட கண்ணும் வழியும் நீரும்

நீர் ஓயாது வடியும் கண்ணை ‘வறண்ட கண்’ என்று வைத்தியர் கூறினால் கேட்போர் நகைக்கவே செய்வர். எனது பெரியம்மா நகைக்கவில்லை, சினந்தார். ஹந்தானைத் தோட்டத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கொழுந்து பறித்தவர் அவர். கண்டி நகரில் வலக்கண்ணின் புரையை அகற்றிச் செயற்கை வில்லை பொருத்தி மூன்று வாரங்கள் சென்றிருந்தன. பார்வை தெளிந்திருந்தது, எதிர்மலை மரங்களைத் தனித்தனியே சுட்டிக் காட்டினார். ஆயினும் கண்ணினுள் மணல் கிடப்பது போன்ற உறுத்தல், மாலையானால் எரிவு, விறகடுப்பின் அருகே சென்றால் நீர்ப்பெருக்கு. “இந்தக் கண்ணு படுற பாடு போதும் தம்பி, மத்தக் கண்ண யாரும் தொட வேணாம்” என்று முடிவுகட்டிவிட்டார். இடக்கண்ணிலோ புரை முற்றிக்கொண்டிருந்தது.

கண்ணீர் என்பது வெறும் நீரன்று. இமை விளிம்பிற் சுரக்கும் எண்ணெயும், சுரப்பி நீரும், சளிப்பொருளும் சேர்ந்த மென்படலம் அது; இமைக்குந்தோறும் புதுப்பிக்கப்படுவது. சத்திரசிகிச்சையின்போது கருவிழியின் முன்னுள்ள ஒளிபுகு படலத்தின் ஓரத்தில் ஒரு வெட்டு இடப்படும். புதிய முறையில் அது ஏறத்தாழ மூன்று மில்லிமீற்றர் அளவினதே. எனினும் அவ்வெட்டு நுண்ணரம்புகள் சிலவற்றை அறுத்துவிடுகின்றது. உணர்ச்சி குன்றவே இமைத்தலும் சுரத்தலும் குறைந்து, கண்ணீர்ப்படலம் விரைவிற் கலைகின்றது. காய்ந்த இடம் உறுத்த, அதற்கு விடையாகச் சுரப்பி திடீரென நீரைப் பெருக்குகின்றது. அந்நீர் கண்ணிலே நிலைகொள்ளாது கன்னத்தில் வழிந்துவிடும். பெரியம்மாவின் இமைக்குள் மஞ்சட் சாயத்தாளைத் தொட்டு, படலம் எத்தனை வினாடியிற் கலைகின்றது என்று வைத்தியர் நோக்கியதும் இதனாலேயே.

நரம்புகள் மீண்டும் வளர்பவை. பெரும்பாலோர்க்கு மூன்று மாதங்களுக்குள் இத்துன்பம் தணியும், சிலர்க்கு நீடிப்பதுமுண்டு. அதுவரை கண்ணின் மேற்பரப்பைக் காப்பதே ஈரமூட்டும் துளிமருந்தின் பணி. அதிலுள்ள செலுலோசு வகைப் பொருளோ ஹயலூரோனேற்றோ நீரைப் பற்றி நிறுத்துகின்றது. எரியும்போது மட்டும் இட்டுப் பயனில்லை. நேரம் தவறாது இடல்வேண்டும். ஏனைய துளிமருந்துகளுக்கும் இதற்குமிடையே ஐந்து நிமிடமேனும் கழியவேண்டும். நாளொன்றுக்கு நான்கு முறைக்கு மேல் தேவைப்படுவோர்க்குப் பாதுகாப்பு இரசாயனம் சேராத வகையே உகந்தது. அந்த இரசாயனமே கண்ணை உறுத்தக்கூடும். கடும் வலி, மிகுந்த சிவப்பு, பார்வைக் குறைவு ஆகியன தோன்றினால் இத்துளியை நம்பியிருத்தலாகாது. அன்றே வைத்தியரிடம் செல்லவேண்டும்.

பெரியம்மாவோ அதனைத் ‘தண்ணி மருந்து’ என்றெண்ணி, மூன்று நாளைக்கொருமுறை சிக்கனமாக இட்டுவந்தார். அவரை மட்டும் நோவதெப்படி? குப்பியின் எழுத்து ஆங்கிலம். வீடு திரும்புகையிற் கொடுக்கப்பட்ட தாள் சிங்களம். அவருக்குத் தெரிந்ததோ தமிழெழுத்து மட்டுமே. பல்லாயிரம் ரூபா பெறும் வில்லையைப் பொருத்தியவர்கள் நான்கு வரித் தமிழை அளிக்க மறந்துவிட்டனர். இருமொழியும் கற்ற நம் மாணவர்க்கு இஃதோர் எளிய பணியல்லவா?

தடித்த எழுத்திலே நேரங்களை எழுதிக் குசினிச் சுவரில் ஒட்டினேன். ஆறாம் வாரத்தில் உறுத்தல் பாதியாகக் குறைந்தது. இடக்கண்ணுக்குத் திகதி வாங்கும்படி சென்ற கிழமை அவரே கேட்டார். அத்தாளை இன்னொரு பிரதி எடுத்து, பக்கத்து லயத்துக் கிழவிக்கும் கொடுக்கச் சொன்னார்.