இடுப்புக்கு இருபுறமும்

கலிபோர்னியாவில் வேலை பார்க்கும் நண்பர் ஒருவர் வாரக் கடைசியில் விமானத்திலிருந்து குதிக்கப் போய்விடுவார். அவர் போகும் தளத்தில் பாராசூட் பழுதுபார்க்கும் ஓர் அம்மையாரை நான் சந்தித்தே தீர வேண்டும் என்று கூட்டிக்கொண்டு போனார். பெரிஸ் வேலி விமானத்தளம் அங்கிருந்து தூரமில்லை. 1992 ஏப்ரல் 22 அன்று அங்கே 22 பேரோடு மேலெழுந்த ட்வின் ஓட்டர் விமானம், எரிபொருளில் தண்ணீர் கலந்திருந்ததால் ஓர் இன்ஜின் நின்று, உடனே விழுந்தது. 16 பேர் செத்தார்கள். அதற்குப் பிறகுதான் குதிப்பவர்கள் பெல்ட்டை மதிக்கத் தொடங்கினார்கள் என்றார் அம்மையார்.

அவர் வேலை பார்க்கும் கொட்டகைக்கு வெளியே நின்றது செஸ்னா 182 விமானம். பைலட்டுக்கு மட்டும்தான் இருக்கை. மற்றவர்கள் வால் பக்கம் பார்த்தபடி தரையில், பிள்ளைகள் ரயில் வண்டி விளையாடுவதுபோல் ஒருவர் காலிடையில் இன்னொருவராக உட்கார வேண்டும். தரையில் உட்கார அமெரிக்கச் சட்டம் அனுமதிக்கிறது. ஆனால் ஓடுபாதையிலும், மேலெழும்போதும் தரையிறங்கும்போதும் பெல்ட் கட்டாயம். 1,500 அடி தாண்டிய பிறகே கழற்றுவது வழக்கம். ஹெல்மெட்டும் அதுவரை தலையில் இருக்க வேண்டும். விபத்தில் கையிலிருக்கும் ஹெல்மெட் பறந்துபோய் யார் மண்டையையாவது உடைக்கும்.

அம்மையார் எனக்கு ஹார்னஸ் என்னும் பாராசூட் வாரை மாட்டி விமானத்தின் தரையில் உட்கார வைத்தார். கால்பட்டை மேலேறும் பட்டையோடு சேரும் இடத்தில் ஒரு பக்கம் மட்டும் பெல்ட்டை நுழைத்துப் பூட்டி, பின்னாலிருந்து தோளைப் பிடித்துச் சட்டென்று இழுத்தார். பூட்டிய பக்கத்தைச் சுற்றி என் உடம்பு திரும்பிச் சரிந்தது. அடுத்து இடுப்புக்கு இருபுறமும் ஒவ்வொரு பெல்ட் பூட்டி, நீளத்தைக் குறைத்து இறுக்கி, மறுபடி இழுத்தார். நான் உட்கார்ந்த இடத்திலேயே இருந்தேன்.

ஒற்றை பெல்ட்டைவிட இரட்டை பெல்ட்தான் நன்றாகப் பிடிக்கும் என்பதை அமெரிக்க விமானத்துறையின் ஓக்லஹோமா ஆய்வகம் 1990களிலேயே மோதல் சோதனை நடத்திக் காட்டிவிட்டது. 2014இல் ஆஸ்திரேலியாவின் கபூல்ச்சரில் செஸ்னா 206 விழுந்து ஐந்து பேர் இறந்தபோது, அந்நாட்டு விசாரணை அமைப்பும் இரட்டைப் பிடிப்பில்தான் பிழைக்கும் வாய்ப்பு அதிகம் என்றது. கட்டப்படாத உடல்கள் வால்பக்கம் சரிந்தால் எடைச் சமநிலையே குலைந்து, விமானம் பைலட்டின் கையை விட்டுப் போகலாம். 1980க்குப் பின் அமெரிக்காவில் பாராசூட் குதிப்பு விமானங்களின் 32 விபத்துகளில் 172 பேர் இறந்ததாக 2008இல் அரசு விசாரணை வாரியம் கணக்குக் காட்டியது. இன்னும் எத்தனை பேர் சாக வேண்டும்?

அம்மையாரின் மேசையில் கனமான தையல் இயந்திரம் ஒன்று இருந்தது. பாராசூட் ஹார்னஸ் தைக்கும் அவர், விமான பெல்ட்டில் மட்டும் ஊசி வைக்க மாட்டார். அதற்கு அங்கீகாரம் பெற்ற பட்டறைதான் வேண்டும். நாடா முழுவதையும் விரலால் தடவுவார். ஓரம் பிசிறியிருந்தாலோ, வெயிலில் வெளுத்து விறைத்திருந்தாலோ, தரச்சீட்டு படிக்க முடியாமல் போயிருந்தாலோ அந்த பெல்ட் வெளியே போகும். பக்கிளைப் பூட்டித் திறந்து சத்தத்தைக் கேட்பார்.

இருபது வயதில் பாராசூட் மடிக்க வந்தவர். மடிப்புக்கு இவ்வளவு என்று கூலி. மழை பெய்தால் அதுவும் இல்லை. நாளெல்லாம் தரையில் மண்டியிட்டதில் முட்டி போய்விட்டது. பிறகு படித்து உரிமம் வாங்கினார்.

ஆனால் இரண்டாவது பெல்ட்டுக்குக் காசில்லை என்கிறாராம் தளத்தின் முதலாளி. குதிப்பதற்கான பரிசுக் கூப்பனை இணையத்தில் விற்கும் தரகன் முதலில் தன் பங்கை எடுத்துக்கொள்கிறான். அவனுக்கு விமானம் கிடையாது, பைலட் கிடையாது, முட்டியும் தேயாது. மிச்சத்தில்தான் எரிபொருள், பைலட் சம்பளம், மடிப்புக் கூலி, பெல்ட் எல்லாம். பெல்ட் கடைசியில் நிற்கிறது. கேட்கக் கேட்க எனக்கு வயிறு எரிந்தது. உயிரைத் தரையோடு பிடித்து வைக்கும் நாடாவை வரிசையின் கடைசியில் நிறுத்துவது அநியாயம்.

அம்மையார் முதலாளியிடம் போராடி இரண்டு இடங்களுக்கு இரட்டை பெல்ட் வாங்கியிருக்கிறார். முதல்முறை குதிக்க வருகிறவர்களை அங்கேதான் உட்கார வைக்கச் சொல்கிறார். மீதி இரண்டு இடங்களுக்கான விலைப்பட்டியல் முதலாளி மேசையில் இருக்கிறது. திங்கள்கிழமைதோறும் போய்க் கேட்கிறார்.