கொஞ்சம் அழுக்கு இரவல் கிடைக்குமா?

மாமனார் ஞாயிற்றுக்கிழமை வருகிறார் என்று வெள்ளிக்கிழமை ராத்திரி போன் வந்தது. இந்தச் செய்தி எல்லா மாப்பிள்ளைகளுக்கும் வயிற்றில் புளியைக் கரைக்கும். எனக்குக் கூடவே பினாயிலும் கரைக்க வேண்டிவரும். என் மாமனார் ரிட்டயர்டு சானிட்டரி இன்ஸ்பெக்டர். வீட்டுக்குள் வந்தால் நாற்காலியில் உடனே உட்கார மாட்டார். முதலில் அதன் கைப்பிடியில் விரலால் ஒரு கோடு போட்டு, விரலைப் பார்ப்பார். அப்புறம் என்னைப் பார்ப்பார்.

சனிக்கிழமை காலையில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினேன். ஃபேன், ஜன்னல், பீரோ தலை எல்லாம் முடிந்து, கடைசியில் ஹாலில் இருக்கும் மீன் தொட்டிக்கு வந்தேன். இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம். ஆறு கோல்டு ஃபிஷ். மகளின் ஏழாவது பிறந்த நாளுக்கு வாங்கியது. எட்டு மாதமாக ஒரு குறையும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. ஓடுகிற வண்டியை எதற்குப் பிரித்தாய் என்று கேட்காதீர்கள். மாமனார் வருகிறார்!

தண்ணீரை மொத்தமாக இறைத்துக் கொட்டினேன். கூழாங்கல்லை வெந்நீரில் போட்டு அலசினேன். ஃபில்டருக்குள் இருந்த ஸ்பாஞ்சை எடுத்தால்... உவ்வே! பழுப்பும் பச்சையுமாகக் கொழகொழவென்று ஒரு வஸ்து. துணி சோப்புப் போட்டுக் கும்மி, குழாயடியில் வைத்துப் பிழி பிழியென்று பிழிந்து, மொட்டை மாடி வெயிலில் காயப்போட்டேன். சாயங்காலம் அது கடையில் வாங்கிய நாளில்கூட அவ்வளவு மஞ்சளாக இருந்ததில்லை. புதிதாக விட வேண்டிய தண்ணீரை மட்டும் முதல் நாள் ராத்திரியே டிரம்மில் பிடித்து வைத்திருந்தேன். குழாய்த் தண்ணீரில் இருக்கும் குளோரின் மீனுக்கு ஆகாது என்பது வரைக்கும் ஞானம் உண்டு.

மாமனார் வந்தார். தொட்டிக்கு முன்னால் அரை நிமிஷம் நின்றார். "பரவால்லியே மாப்ளே, பளிங்கு மாதிரில்லா வச்சிருக்கீரு!" என்றார். கல்யாணமாகிப் பத்து வருஷத்தில் கிடைத்த முதல் சர்டிபிகேட்.

செவ்வாய்க்கிழமை காலையில் ஷேவிங் நுரையோடு நிற்கும்போது மனைவியின் குரல். "கேட்டேளா, மீனெல்லாம் மேல வந்து வாயைப் பொளந்துக்கிட்டு நிக்குல்லா! இஞ்ச வந்து பாருங்கோ."

ஓடினேன். பளிங்குத் தண்ணீர் கஞ்சித் தண்ணீராகக் கலங்கியிருந்தது. ஆறு மீனும் மேல்மட்டத்தில் நின்று காற்றை விழுங்கிக்கொண்டிருந்தன. செவுள் ஓரமெல்லாம் ரத்தச் சிவப்பு. பக்கத்தில் தீனி டப்பா, பாதி காலி.

ஆபீசில் ஒரு வவுச்சர் காணாமல் போனால் முதலில் யாரைப் பிடிப்போம்? கடைசியாகத் தொட்டவரை. நானும் அதைத்தான் செய்தேன். "கண்டபடி தீனியை அள்ளிப் போட்டியா மக்ளே? நீதான் இதுகளைக் கொல்லப் போறே!"

அவள் ஒன்றும் சொல்லவில்லை. கண் மட்டும் நிறைந்தது. வைத்திருந்த இட்லியை அப்படியே விட்டுவிட்டுப் பள்ளிக்கூட வேனில் ஏறிப் போனாள்.

ஒரு கடையில் விஷயத்தைச் சொன்னேன். நீல மருந்து ஒன்று கொடுத்தார்கள். ஊற்றினேன். தொட்டி சொட்டுநீலம் கரைத்த வாளி போல ஆனது. புதன்கிழமை காலையில் ஒரு மீன் மல்லாந்து கிடந்தது. மகள் அதைச் செம்பருத்திச் செடியடியில் தானே குழி தோண்டிப் புதைத்தாள். என்னைக் கூப்பிடவில்லை.

அன்று சாயங்காலம்தான் தூத்துக்குடி மீன்வளக் கல்லூரியில் படித்த நண்பர் ஒருவர் ஞாபகத்துக்கு வந்தார். வந்தவர் மீனைப் பார்க்கவே இல்லை. பையிலிருந்து ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியை எடுத்துத் தொட்டித் தண்ணீரைப் பிடித்தார். ஏதோ சொட்டு மருந்து விட்டுக் குலுக்கினார். மஞ்சளாக இருக்க வேண்டியது வாழையிலைப் பச்சைக்குப் போனது.

"அமோனியா ஓய்! லிட்டருக்கு நாலு மில்லிகிராம் நிக்கி. சைபர் இருக்கணும்." அடுத்த கேள்வி நேராக நெஞ்சில் இறங்கியது. "ஸ்பாஞ்சை எப்படிவே கழுவினீரு?"

சொன்னேன். சோப்பு என்றதும் தலையில் கை வைத்தார். வெயில் என்றதும் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

அவர் சொன்னதை என் பி.காம். மூளைக்கு எட்டிய வரைக்கும் சொல்கிறேன். மீன் தன் உடம்பில் சேரும் அமோனியாவைப் பெரும்பாலும் செவுள் வழியாகத்தான் வெளியே தள்ளுகிறது. மூச்சு விடும் வாசலும் கழிவு போகும் வாசலும் ஒன்று. வெளியே தண்ணீரில் அமோனியா ஏறிவிட்டால் உள்ளே இருப்பது வெளியேற முடியாமல் ரத்தத்திலேயே தங்கும். தீனி போடாவிட்டாலும் இந்த வரவு நிற்காது. இதைப் பற்று எழுதித் தீர்க்கிற குமாஸ்தாக்கள் யார் என்றால், அந்தக் கொழகொழ வஸ்துவில் இருக்கும் பாக்டீரியாக்கள். ஒரு கோஷ்டி அமோனியாவை நைட்ரைட்டாக்கும். இன்னொரு கோஷ்டி அந்த நைட்ரைட்டை அவ்வளவாகத் தொந்தரவு செய்யாத நைட்ரேட்டாக்கும். நான் சனிக்கிழமை பத்து மணிக்கு மொத்த செக்‌ஷனையும் டிஸ்மிஸ் செய்துவிட்டேன். நீல மருந்து, தப்பிப் பிழைத்த ஒன்றிரண்டு பியூன்களையும் அனுப்பிவைத்திருக்கும்.

(இதில் ஒரு ருசிகரமான குடும்பக் கதை உண்டு. லண்டனில் ராபர்ட் வாரிங்டன் என்ற வேதியியல்காரர் ஒரு தொட்டியில் இரண்டு கோல்டு ஃபிஷ், நீர்ச்செடி, நத்தை ஆகியவற்றைப் போட்டு, தண்ணீரை மாற்றாமலேயே எல்லாம் ஒன்றையொன்று தாங்கிப் பிழைப்பதாக 1850-ல் அறிக்கை கொடுத்தார். வீட்டு அக்வேரியத்துக்கு அவரும் ஒரு பிள்ளையார் சுழி. செடியும் நத்தையும்தான் பேலன்ஸ் ஷீட்டை டாலி செய்கின்றன என்று நினைத்தார். அதே பெயர் கொண்ட அவர் மகன், ரோதாம்ஸ்டெட் வேளாண் ஆய்வுப் பண்ணையில் வயல் மண்ணை ஆராய்ந்து, அமோனியா நைட்ரேட்டாவது இரண்டு கட்டமாக, இரண்டு வகை நுண்ணுயிர்களால் என்று காட்டினார். அவற்றைத் தனியே பிரித்தெடுக்க வருஷக்கணக்கில் முயன்றும் முடியவில்லை. 1890-ல் வினோகிராட்ஸ்கி என்பவர் பிரித்துக் காட்டிப் பெயரைத் தட்டிக்கொண்டு போனார். அப்பா தொட்டியில் தேடாமல் விட்ட கணக்கப்பிள்ளை, மகனுக்கு மண்ணில் கிடைத்திருக்கிறான்.)

"இப்போ என்ன செய்ய?" என்றேன்.

தீனி கட். காற்றுக்குழாயை முழு வேகத்தில் வை. தினம் பாதித் தண்ணீரை மாற்று. காமர்ஸ் படித்தவர்களுக்கு 'ரிட்டன் டவுன் வேல்யூ' தேய்மானம் மறந்திருக்காது. ஐம்பது சதவீதம் போட்டால் 4 இரண்டாகும், 2 ஒன்றாகும், 1 அரையாகும். சைபர் மட்டும் ஆகவே ஆகாது. அதற்குள் மீன்கள் புது அமோனியாவை வேறு தினமும் வரவு வைக்கும்.

தேரூரில் பெரியப்பா வீட்டுக் கிணற்றிலிருந்து நாலு கேன் தண்ணீரை ஸ்கூட்டரில் கட்டிக்கொண்டு வந்தேன். குளோரின் இல்லாத தண்ணீர் அல்லவா? நண்பர் அதையும் சோதித்தார். பி.எச். எட்டுக்கு மேல்! தொட்டியில் இருந்தது ஏழு. பி.எச். ஏழில் மொத்த அமோனியாவில் நூற்றில் ஒரு பங்குகூட விஷ வடிவத்தில் இருக்காதாம். எட்டானால் அது ஏறக்குறையப் பத்து மடங்காகும். அந்த நாலு கேனையும் ஊற்றியிருந்தால் செம்பருத்திக்கு நல்ல உரம் கிடைத்திருக்கும். ஆக மறுபடியும் குழாய்த் தண்ணீர்தான். குளோரினுக்கு ஹைப்போ படிகம் சிறிது. அந்தக் காலத்துப் போட்டோ ஸ்டூடியோக்களில் படம் கழுவப் பயன்பட்ட அதே சரக்கு.

"இதெல்லாம் தவணை வாங்குறதுதான். நிக்க வேண்டிய ஆளு வேணும்லா? ஆறு மாசமாவது ஓடுன தொட்டியில உள்ள அழுக்கு ஸ்பாஞ்சு ஒண்ணு வாங்கி வாரும். காய விட்டிராதியும்!"

இரவலாக அழுக்கா? மனைவிக்குப் புரிய வைப்பதற்குள் என்ன பாடோ என்று பயந்தேன். அவள் அரை நொடியில், "உறைமோரு மாதிரியா?" என்றாள். எனக்கு ஒரு மணி நேரம் பிடித்த பாடம்!

வடசேரியில் ஒரு தெரிந்தவர் வீட்டுக்குத் தூக்குச்சட்டியோடு போனேன். "கொஞ்சம் அழுக்கு வேணும்" என்று கேட்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். ஸ்பாஞ்சில் பாதியை வெட்டி, அவர் தொட்டித் தண்ணீரிலேயே முக்கிக் கொடுத்தார்.

தூக்குச்சட்டியோடு வீட்டுக்குள் வந்தால், மகள் தொட்டி எதிரே தரையில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்தேன். மாமனார் முன்னால்கூட எனக்கு இப்படி நாக்கு ஒட்டிக்கொண்டதில்லை.

"மக்ளே, மீனு செத்தது உன்னால இல்ல. அப்பா ஸ்பாஞ்சை சோப்புப் போட்டுக் கழுவினேன்லா... அதனாலதான்."

வெகுநேரம் பேசவில்லை. அப்புறம், "நான் ரெண்டு வேளையும் எண்ணி எண்ணித்தான் போட்டேன்ப்பா" என்றாள். டப்பா பாதி காலியானதற்கு எட்டு மாதம் ஆகியிருக்கிறது. அந்தக் கணக்கு எனக்குத் தோன்றவில்லை.

வியாழனும் வெள்ளியும் இன்னும் இரண்டு போயின. மூன்று பிழைத்தன. அமோனியா இறங்கியதும் நைட்ரைட் ஏறியது. அதற்குப் புத்தளம் உப்பளத்துக் கல்லுப்பு, லிட்டருக்கு ஒரு கிராம் கணக்கில். உப்பில் உள்ள குளோரைடு, நைட்ரைட்டைச் செவுளுக்குள் நுழைய விடாமல் தடுக்குமாம். மூன்றாவது வாரக் கடைசியில் குப்பி மஞ்சளாகவே நின்றது. மகள்தான் சொட்டு விட்டாள். அந்த டிபார்ட்மென்டில் இப்போது எனக்கு எந்த அதிகாரமும் கிடையாது. மாதம் ஒரு தடவை ஸ்பாஞ்சை எடுத்து, தொட்டியிலிருந்து இறைத்த தண்ணீரிலேயே லேசாக இரண்டு பிழி பிழிந்து திரும்பப் போடுவதும் அவள்தான்.

போன மாதம் மாமனார் மறுபடி வந்தார். தொட்டி முன்னால் நின்றார். ஃபில்டரைக் குனிந்து பார்த்து முகம் சுளித்தார். "என்ன மாப்ளே இது, ஸ்பாஞ்சு இப்படிக் கருத்துக் கெடக்கு? ஒரு சோப்பு எடும், நான் கழுவித் தாரேன்."

நான் வாயைத் திறப்பதற்குள் என் மகள் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு தொட்டிக்கு முன்னால் போய் நின்றுவிட்டாள்.