வசக்குதல்

குதிரையைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் பி.ஏ. இங்கிலீஷ் வழியாக வந்தது. ஸ்விஃப்ட் 1726இல் வெளியிட்ட கல்லிவர் கதையில், மனித ஜாடையுள்ள நான்கு பிராணிகள் இழுக்கும் வண்டியில் வயதான குதிரையொன்று விருந்துக்கு வந்து இறங்கும். பரீட்சையில் அதை நையாண்டி என்று எழுதி மார்க் வாங்கினேன். நிஜக் குதிரையொன்றின் அருகில் நின்றது, வங்கிக் குமாஸ்தாவாகக் கொடைக்கானலுக்கு மாற்றலாகிப் போன பிறகுதான்.

கடனில் வாங்கிய சொத்து இருக்கிறதா என்று பார்த்து வருவது என் வேலைகளில் ஒன்று. எருமை, தையல் மிஷின், தள்ளுவண்டி. அந்த வருஷம் ஒரு மட்டக்குதிரை. ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தையில் வாங்கியது. செம்பழுப்பு நிறம், பெண். அதுவரை யாரும் ஏறி அறியாதது. தரகர் சொன்னபடி படிவத்தில் வயது நான்கு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டவன் நான். ஏரிக்கரையில் சவாரிக்கு விடுவதாகத் திட்டம். சீஸன் ஏப்ரலில் தொடங்கும். முதல் தவணையும் ஏப்ரலில்.

நான் போன அன்றே அவர் அதன் உதட்டைத் தூக்கிக் காட்டினார்.

"பாருங்க சார், அத்தனையும் பால்பல்லு."

குதிரைக்கு நடு முன்பற்கள் இரண்டரை வயதில் விழுந்து முளைக்கின்றன. அடுத்த ஜோடி மூன்றரையில், ஓரத்துப் பற்கள் நாலரையில். இந்தக் கணக்கில் அதற்கு இரண்டரைகூட ஆகியிருக்கவில்லை. முதுகெலும்பு முற்ற ஐந்து வருஷத்துக்கு மேலாகும்.

"தெரிஞ்சா வாங்கினீங்க?"

"நீங்க குடுத்த தொகைக்கு நாலு வயசு கிடைக்கல சார்."

பழக்குகிறீர்களா என்று கேட்டதற்கு, வசக்குகிறேன் என்றார். ஏருக்கு மாட்டைப் பழக்குவதற்கு என் தாத்தா சொன்ன அதே சொல். ஆங்கிலத்தில் இதற்கு உடைத்தல் என்று பெயர். இரண்டு பாஷைகளும் இரண்டு வேறு காரியங்களைப் பேசுகின்றன என்று தோன்றியது. சாயங்காலங்களில் போய் வேடிக்கை பார்க்கலானேன்.

முதல் இரண்டு வாரம் கழுத்தில் கை மட்டும். பிறகு மடித்த கம்பளி. நீளக் கயிற்றில் வட்டம் சுற்றவிடுவது. வயிற்று வாரை நாளுக்கு ஒரு துளையாக இறுக்குவது. பிறகு கோணியில் மணல், ஐந்து கிலோ, பத்து கிலோ. இடப்பக்கம் பழகியதை வலப்பக்கம் நின்று முதலிலிருந்து மறுபடி பழக்கினார். அது உடம்பை விறைத்தால் நிறுத்திவிடுவார். தலையைத் தாழ்த்தி, வெறும் வாயை மென்று, மூச்சை விடும். அந்தக் கணமே மூட்டையை இறக்கிவிடுவார்.

"ஏத்துறதுல ஒண்ணுமில்ல சார். எப்ப இறக்குறோம்கிறதுலதான் கத்துக்குது. இறக்கிருவான்னு நம்பினாத்தான் நிக்கும்."

அந்த நாட்களில் இரவு நேரத்தில் விமர்சனம் எழுதிக்கொண்டிருந்தேன். முதல் தொகுதி போட்ட இளம் கவிஞர்கள்மேல் எலியட்டைத் தூக்கி வைத்தேன். இறக்கவேண்டும் என்று தோன்றியதேயில்லை.

மார்கழியில் ஒரு பால்பல் விழுந்தது. அவருடைய பையன் அதைத் தீப்பெட்டியில் போட்டு வைத்திருந்தான். "தவணையை ஒரு வருஷம் தள்ளிவச்சாப் போதும் சார், எலும்பு கொஞ்சம் முத்திரும்" என்றார் அவர். சிபாரிசுக் கடிதம் ஒன்று எழுதினேன். அதில் காரணம் சொல்ல வேண்டும். காரணம் வயது, வயதின் பக்கத்தில் என் கையெழுத்து. கடிதம் மேனேஜர் மேஜைக்குப் போகவில்லை. படித்துக்கொண்டிருந்த புத்தகத்தில் அடையாளச் சீட்டாயிற்று.

மாசி கடைசியில் பையன் ஏறினான். முதலில் குறுக்கே குப்புறப் படுத்தான், இறங்கினான். மறுநாள் காலைப் போட்டு உட்கார்ந்தான். அவன் இருபத்தாறு கிலோ. ஒரு வாரம் கழித்து, "பெரியாளு ஒருத்தர் ஏறணும், நீங்க ஒல்லிதானே சார்" என்றார். நான் ஐம்பத்தெட்டு. குதிரை தன் எடையில் ஐந்தில் ஒரு பங்கு சுமக்கலாம் என்பது பொதுக் கணக்கு. அது இருநூறு கிலோ இருந்தால் அதிகம். இது தெரிந்தும் ஏறினேன். ஏறும் ஆசையும் இருந்தது என்பதை மறைப்பானேன்? அது காலை அகட்டி நின்றது. ஒரு காதை மட்டும் என் பக்கம் திருப்பியது. நான் என்ன செய்யப்போகிறேன் என்று அது கேட்டுக்கொண்டிருந்த அந்த அரை நிமிஷத்தில், எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. தலையைத் தாழ்த்தி வாயை மென்றது. "இறங்குங்க சார்" என்றார். இறங்கினேன்.

தவணை ஒன்றுகூடத் தவறவில்லை. லெட்ஜரில் அவ்வளவு சுத்தமான பக்கம் அந்த வருஷம் வேறில்லை.

மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏரிக்கரையில் அதைப் பார்த்தேன். 1863இல் வெட்டிய ஏரி. சுற்றிவர ஐந்து கிலோமீட்டர் பாதை. சட்டைப் பொத்தான் பிதுங்க ஒருவர் அதன்மேல் உட்கார்ந்திருந்தார். இன்னொருவர் அடுத்து ஏறக் காத்திருந்தார். லகானைப் பிடித்திருந்த அவர் என்னைக் கண்டு தலையசைத்தார், நானும் அசைத்தேன். மட்டம் நின்றது. தலையைத் தாழ்த்தியது. வெறும் வாயை மென்று மூச்சை விட்டது. கொஞ்ச நேரம் அப்படியே காத்திருந்தது. பிறகு அவர் லகானை இழுக்க, நடந்தது.