பட்டையில் ஊற்றிய அக்கானி

அக்கானியை ருசி பார்க்க நல்ல நேரம் காலை. பங்குனியில், வெயில் ஏறும் முன்பே குமரி மாவட்டத்தின் கருங்கல் ஊர்ப் பக்கத்து விளை (தோப்பு) ஒன்றுக்குப் போய்விட்டேன். பதநீரை இந்தப் பக்கம் அக்கானி என்பார்கள். முருக்குத்தடியை மரத்தில் சாய்த்து, காலில் திளாப்பு மாட்டி, இடுப்பில் அரிவாள் பெட்டியும் குடுவையுமாகப் பெரியவர் ஒருவர் ஏறி இறங்கிக்கொண்டிருந்தார். வயது அறுபதுக்கு மேல். காலையிலும் மாலையிலும் ஏறி ஒவ்வொரு முறையும் பாளையின் நுனியை மெல்லிய சீவலாகச் சீவ வேண்டும். ஒருநாள் விட்டால் ஊறல் நின்றுவிடும்.

இறங்கியதும் ஒரு குருத்தோலையை மடித்துப் பட்டை பிடித்து, ஒரே பனையின் அக்கானியை அதில் ஊற்றிக் கொடுத்தார். அடுத்து இன்னொரு பனையினுடையது. முதலாவது தேன்போலக் கனத்து, கடைசியில் லேசாக உப்புக் காட்டியது. இரண்டாவது இலகு, பச்சை ஓலை மணம் தூக்கலாக இருந்தது. பிறகு எல்லாவற்றையும் ஒரே பானையில் கலந்தார். கலந்ததுதான் எனக்கு அதிகம் பிடித்தது. பிரான்சின் போர்தோவிலும் இப்படித்தான், இனிப்பில்லாத வெள்ளை ஒயினுக்கு சோவினியோன் பிளாங்கையும் செமியோனையும் சேர்ப்பார்கள். ஒன்று புளிப்பும் மணமும் தரும், மற்றது கனம் தரும். எந்த மரத்து ஊறல் எதற்கு ஈடுகட்டும் என்பது இந்தப் பெரியவருக்கும் தெரியும்.

அவருடைய கைப்பக்குவம் முழுவதும் சுண்ணாம்பில் இருக்கிறது. கலயத்தின் உட்புறம் அதைத் தடவியபடியே சொன்னார்: "கொறைஞ்சா புளிச்சுப் போவும் மக்கா. கூடிச்சுன்னா நாக்கு பொள்ளும்." காற்றிலும் கலயத்திலும் இருக்கும் ஈஸ்ட் நுண்ணுயிரிகள் சர்க்கரையைத் தின்று சாராயமாக்குவதைச் சுண்ணாம்பின் காரத்தன்மை தடுக்கிறது. தடவாத கலயத்தில் ஊறுவது கள். நேரம் ஆக ஆக அதில் இனிப்பு வடிந்து புளிப்பு மேலோங்கும். தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளுக்குத் தடை. ஆகவே சுண்ணாம்பு விஷயத்தில் அவர் சட்டத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

இனி, அக்கானியோடு சேரும் கூட்டு. விளையிலேயே மரச்சீனிக் கிழங்கு அவித்து, காந்தாரி மிளகாய் அரைத்து வைத்திருந்தார்கள். 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா பரப்பிய கிழங்கு இது. காந்தாரியின் எரிச்சலை ஒரு மிடறு அக்கானி அப்படியே அணைக்கிறது. பொரித்த நெத்தோலியின் உப்புக்கும் அது பொருந்துகிறது. பச்சை மாங்காய்த் துண்டுகளை அதற்குள்ளேயே போட்டுக் குடித்தால், இனிப்போடு புளிப்பும் கூடி வாய் சுத்தமாகும். ஆனால் புளி கரைத்த சாளைக்கறிக்கு அக்கானி ஆகாது. இனிப்பும் புளியும் முட்டிக்கொள்ளும். அந்தக் கறிக்கு இனிப்பு வடிந்த பானம்தான் சரி. எல்லையிலுள்ள களியக்காவிளையைத் தாண்டினால் கேரளத்துக் கள்ளுக்கடைகளில் கிழங்கும் மீன்கறியும் கள்ளோடு வருவது இதனால்தான். மேல்நாட்டார் மீனுக்கு இனிப்பில்லாத வெள்ளை ஒயினைத் தேடுவதும் இதே கணக்குத்தான்.

மிஞ்சிய அக்கானியைப் பெரியவரின் மனைவி அடுப்பில் ஏற்றினார். மணிக்கணக்கில் கிண்டினால்தான் கருப்பட்டி பதத்துக்கு வரும். மழைக்காடு போல ரப்பர் சூழ்ந்துவிட்ட மாவட்டத்தின் மேற்கில் பனைகள் குறைந்தே வருகின்றன. இருக்கும் பனையில் ஏறவும் ஆள் இல்லை. அவருடைய மகன்களும் ஏறுவதில்லை. 1978-ல் மாநில மரமாக அறிவிக்கப்பட்ட மரம் இது. மரத்துக்குக் கொடுத்த மதிப்பை ஏறுகிறவருக்கும் கொடுத்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

பருவத்தில் குமரிக்கு வருகிறவர்கள் சாலையோரத்தில் சாக்கரின் கலந்த தண்ணீரை வாங்கி ஏமாற வேண்டாம். ஒரு பனையேறியைத் தேடிப் போங்கள். காலையிலேயே போங்கள், பட்டையில் கேளுங்கள், அவர் சொல்லும் விலையைப் பேரம் பேசாமல் கொடுங்கள்.