கற்க வந்தவரின் கடமை: கல்கத்தா நாட்குறிப்பு, 1928–1931

தம் நாட்டுப் பல்கலைக்கழகத்துக்கும் வேறொரு நாட்டுப் பல்கலைக்கழகத்துக்கும் இடையிலான உடன்பாட்டின்படி ஓர் அரையாண்டோ ஓராண்டோ அயல்நாட்டில் பயின்று, அந்தப் படிப்பைத் தம் பட்டக் கணக்கில் சேர்த்துக்கொள்பவரே இன்று பரிமாற்ற மாணவர் எனப்படுகிறார். இத்தகைய ஏற்பாடுகள் பரவலாவதற்கு முன்பே, ஒரு புரவலரின் உதவித்தொகையை நம்பி ருமேனியாவிலிருந்து கல்கத்தாவுக்கு வந்து மூன்றாண்டுகள் பயின்றவர் மிர்ச்சா எலியாடே (1907–1986). பின்னாளில் சிகாகோ பல்கலைக்கழகத்தில் சமய வரலாற்றுத் துறையின் முன்னணி அறிஞராக விளங்கினார். அயல்நாட்டுக் கல்விக்காலம் எதனால் பயன்படுகிறது, எங்கே பழுதுபடுகிறது என்னும் இரண்டையும் அவருடைய கல்கத்தா வாழ்க்கை ஒருசேரக் காட்டுவதால், அதன் கட்டங்கள் இங்கே காலவரிசையில் குறிக்கப்படுகின்றன.

1928, ரோம்

இத்தாலிய மறுமலர்ச்சிக்காலத் தத்துவத்தை ஆராய ரோமுக்குச் சென்றிருந்த எலியாடே, அங்கே சுரேந்திரநாத் தாஸ்குப்தாவின் இந்தியத் தத்துவ வரலாற்று நூலின் முதல் தொகுதியைப் படித்தார். அதன் முன்னுரையில் ஆசிரியர் நன்றி கூறியிருந்த காசிம்பஜார் மகாராஜா மணீந்திர சந்திர நந்திக்கு, தாஸ்குப்தாவிடம் பயிலும் விருப்பத்தைத் தெரிவித்து எலியாடே கடிதம் எழுத, மகாராஜாவும் உதவ முன்வந்தார். எந்தப் பொருளை, யாரிடம், எதற்காகக் கற்கப்போகிறோம் என்பது புறப்படும் முன்பே அவருக்குத் தெளிவாக இருந்தது. பின்னர் வந்த இடையூறுகள் பலவற்றைத் தாங்கி நின்றதும் இந்தத் தெளிவே.

1928, டிசம்பர்

கடல்வழியே இலங்கையை அடைந்து, அங்கிருந்து சென்னைக்கு வந்த எலியாடே, அடையாறு பிரம்மஞான சபையின் நூலகத்தில் ஆய்வு செய்துகொண்டிருந்த தாஸ்குப்தாவை முதன்முறையாக நேரில் கண்டார். ஆண்டு முடிவதற்குள் கல்கத்தாவை அடைந்து, ரிப்பன் தெருவில் ஆங்கிலோ இந்தியக் குடும்பத்தார் நடத்திய விடுதியில் தங்கினார்.

1929

கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் தாஸ்குப்தாவின் வழிகாட்டலில் பயின்ற அந்த ஆண்டில், அவர் தம் உழைப்பின் பெரும்பகுதியைச் சமஸ்கிருத இலக்கணத்துக்கே கொடுத்தார். அவருடைய ஆய்வுப் பொருளான யோகம், புருஷன், பிரகிருதி என்னும் இரு தத்துவங்களைக் கொண்டு உலகை விளக்கும் சாங்கிய தரிசனத்தோடு பிணைந்தது. அதன் மூலநூல்களை மொழிபெயர்ப்பின் துணையின்றிப் படிக்க வேண்டுமானால் இலக்கணத்தை விட்டால் வேறு வழி இல்லை. அயல்நாட்டுக்குச் சென்ற மாணவர், முதல் சில மாதங்களில் காட்டுவதற்கு ஏதும் சேரவில்லையே என்று கலங்குவது இயல்பு; ஆனால் மொழிக்குச் செலவிட்ட மாதங்களே பிந்தைய ஆண்டுகள் அனைத்துக்கும் விளைநிலமாகின்றன. அந்த நவம்பரில் மகாராஜா காலமானார்; ஆயினும் படிப்பு நின்றுவிடவில்லை.

1930, ஜனவரி

ஐரோப்பியச் சூழல் நிலவிய விடுதியில் இருந்தால் வங்காளி வாழ்க்கை எட்டாது என்ற நிலையில், தாஸ்குப்தா தம் பவானிப்பூர் வீட்டிலேயே மாணவருக்கு இடம் தந்தார். ஆசிரியர் வீட்டில் தங்கி, வீட்டாருள் ஒருவராக வாழ்ந்து கற்கும் குருகுல முறையின் சாயல் இதில் உண்டு. தாஸ்குப்தாவின் மகளும் இளங்கவிஞருமான மைத்ரேயி வங்காளி கற்பிக்க, எலியாடே அவருக்குப் பிரெஞ்சு கற்பித்தார். வீட்டு நூலகத்துக்கு இருவரும் சேர்ந்து நூற்பட்டியல் தயாரித்தனர். பெறுவதோடு நில்லாமல், தாம் அறிந்ததைக் கொடுத்தும் வீட்டு வேலையில் பங்கேற்றும் கற்ற இந்த மாதங்களில்தான் கல்கத்தா அவருக்கு உள்ளிருந்து தெரியத் தொடங்கியது.

1930, செப்டம்பர்

எலியாடேக்கும் மைத்ரேயிக்கும் இடையே வளர்ந்த காதல் தெரியவந்ததும், தாஸ்குப்தா மாணவரை வீட்டைவிட்டு வெளியேறச் சொன்னார். மைத்ரேயிக்கு அப்போது 16 வயது, எலியாடேக்கு 23. வெளியேறிய மாணவருக்குப் போக வேறு இடங்கள் இருந்தன; அந்தப் பெண்ணுக்கு அதே வீடும் அதே சமூகமுமே இருந்தன. விருந்தினராக வந்தவரின் செயலுக்கு விலை கொடுப்பவர்கள் பெரும்பாலும் வீட்டாரே என்பதை, அயல்நாட்டுக் குடும்பமொன்றில் தங்கும் மாணவர் எவரும் மறக்கலாகாது.

1930 இறுதி – 1931

இமயமலை அடிவாரத்துக்குச் சென்ற எலியாடே, ரிஷிகேசத்தில் ஸ்வர்காசிரமத்தில் தங்கி, திருநெல்வேலிச் சீமையின் பத்தமடையில் பிறந்து மலாயாவில் மருத்துவராகப் பணியாற்றிய பின் துறவியான சுவாமி சிவானந்தரின் தொடர்பில் யோகப் பயிற்சியில் ஈடுபட்டார். 1931இல் கல்கத்தாவுக்குத் திரும்பி, சர் வில்லியம் ஜோன்ஸ் 1784இல் நிறுவிய ஆசியக் கழகத்தின் நூலகத்தில் ஆய்வைத் தொடர்ந்து, அவ்வாண்டின் இறுதியில் கட்டாய இராணுவப் பணிக்காகத் தாய்நாடு திரும்பினார்.

1933 – 1976

1936இல் வெளிவந்த யோகம் பற்றிய நூலை மகாராஜாவுக்கும் தாஸ்குப்தாவுக்கும் தம் ருமேனிய ஆசிரியருக்கும் உரிமையாக்கி, எலியாடே அறிவுக்கடனை முறையாகத் தீர்த்தார். ஆனால் 1933இல் வெளியிட்ட 'மைத்ரேயி' நாவலில் அந்தப் பெண்ணின் பெயரை மாற்றாமல் வைத்து, கற்பனையான நெருக்கங்களையும் சேர்த்தார். பல்லாண்டுகளுக்குப் பின் அதன் உள்ளடக்கத்தை அறிந்த மைத்ரேயி தேவி, 1974இல் 'ந ஹன்யதே' என்ற வங்காளி நாவலில் தம் தரப்பை எழுதினார். 1976இல் அதற்குச் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. தம்மை ஏற்ற வீட்டைப் பற்றி எழுதும் உரிமை மாணவருக்கு உண்டு. அந்த வீட்டார் தாமே படித்தாலும் நேர்மையானது என்று ஒப்பும்படி எழுதும் கடமையும் உடன் உண்டு.

இன்று

இந்தியப் பண்பாட்டு உறவுகள் கழகத்தின் உதவித்தொகையில் அயல்நாட்டு மாணவர்கள் இந்தியாவுக்கு வருகிறார்கள்; கல்கத்தாவின் கோல்பார்க்கில் உள்ள இராமகிருஷ்ண மிஷன் பண்பாட்டு நிறுவனம் மொழிகளைக் கற்பிக்கிறது; ஆசியக் கழகம் பார்க் தெருவில் தொடர்ந்து இயங்குகிறது. வாய்ப்புகள் முன்னிலும் எளிதாகியுள்ள இக்காலத்தில், ஒரே கேள்வியோடு வருவதும், முதல் மாதங்களை மொழிக்குத் தருவதும், விடுதிச் சுவர்களைத் தாண்டி ஊராரோடு வேலை பகிர்வதும், தடை நேர்ந்தால் படிப்பைக் கைவிடாமல் வேறு வழி தேடுவதும் எலியாடேயிடமிருந்து கொள்ளத்தக்கவை. நம்பி இடம் கொடுத்தவர்களின் மானத்தைத் தம் மானமாகக் காக்க வேண்டும் என்பது அவர் தவறவிட்ட பாடம். இந்த ஐந்தும் சேர்ந்தால்தான் அயல்நாட்டில் கழிந்த ஓராண்டு, கற்றவருக்கும் கற்பித்த ஊருக்கும் நன்மையாக முடியும்.